கொல்லன் உலையும் எரிந்த கைம்முதலும்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்பது அதியமான்கோட்டை. அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், புறநானூற்றின் 95-ஆம் பாடலில் இருவர் படைக்கருவிகளையும் ஒப்பிடுகிறார். தொண்டைமானுடையவை நெய் பூசிப் பொலிகின்றன. அதியமானுடையவை போரிற் சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன. இதனை வீரப் புகழ்ச்சியாகவே நாம் கற்பிக்கிறோம். பாடலின் இறுதியோ அவனை வறியோர் சுற்றத்தின் தலைவன் என்கிறது; உள்ளபோது உணவளிப்பான், இல்லாதபோது உடனமர்ந்து உண்பான்.

2012 நவம்பர் 7 அன்று, இம்மாவட்டத்தின் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய ஆதிதிராவிடர் குடியிருப்புகள், ஒரு கலப்பு மணத்தையொட்டி எழுந்த சாதி வன்முறைக்கு இரையாயின. 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. உயிரிழப்பில்லை என ஆறுதல் கொள்வார் உளர். பெங்களூர் முதலிய நகரங்களுக்குச் சென்று கூலி உழைப்பால் சேர்த்த நகை, இருசக்கர வண்டி, பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ் ஆகியனவன்றோ அழிந்தன!

உடைந்த வேலைக் கொல்லன் விரைவிற் செப்பனிடுவான். எரிந்த கைம்முதல் மீண்டும் சேரப் பல்லாண்டு வேண்டும். அரசின் இழப்பீடு கூரையைத் தரும். அயலார் மீண்டும் வேலைக்கு அழைப்பதும், நம்பிக் கடன் கொடுப்பதும், ஒரே கடையில் நின்று வாங்குவதுமே வாழ்வைத் தரும். உடனமர்ந்து உண்ணல் என ஔவையார் போற்றிய பண்பு அதுவே.