கடனில் சிக்கிய செருப்புக் கடை எழுந்த கதை



பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தால் பிள்ளைகளுக்கு 'பாட்டா' ஷூ வாங்கியிருப்போம். அது நம்ம நாட்டுக் கம்பெனி என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பாட்டா என்பது ஒரு குடும்பத்தின் பெயர்.

இன்றைய செக் நாட்டில் சிலின் என்று ஒரு சிறிய ஊர். தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைத்த குடும்பம் அவர்களுடையது. 1894-ல் அன்னா, அந்தோனின், தோமாஷ் என்ற உடன்பிறந்தவர்கள் மூவரும், தாய் விட்டுச் சென்ற பணத்தை முதலாகப் போட்டுத் தொழில் தொடங்கினார்கள்.

மறு வருடமே கடன் கழுத்தை நெரித்தது. தோல் வாங்கக் கையில் காசில்லை. கடையை மூடிவிடலாமா? தோமாஷ் மூடவில்லை. விலை குறைவான கித்தான் துணியில் செருப்புத் தைத்தார். எடை குறைவு, விலையும் குறைவு. உழைக்கும் ஜனங்கள் விரும்பி வாங்கினார்கள். கடன் அடைந்தது, தொழிலும் வளர்ந்தது.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜனங்கள் கையில் பணமில்லை. 1922-ல் பாட்டா விலையைப் பாதியாகக் குறைத்தது. விற்பனை பெருகியது. பிறகு கல்கத்தா அருகே கொன்னகரில் இந்தியத் தொழிற்சாலை தொடங்கியது. 1932-ல் விமான விபத்தில் தோமாஷ் இறந்தார். ஆனாலும் குடும்பம் தொழிலை விடவில்லை.

இதை ஏன் சொல்கிறோம்? பென்னாகரம் பக்கம் ஒரு குழுவில் உயர்ந்த ரெக்சின் துணியைக் கடனுக்கு வாங்கிப் பைகள் தைத்தார்கள். சந்தையில் விலை கேட்டுவிட்டுப் போனவர்களே அதிகம். தவணை மட்டும் நிற்கவில்லை. "இனி தையலே வேண்டாம் மேடம்" என்று அழுதார்கள். வாங்குகிறவர் கையில் எவ்வளவு இருக்கும் என்று நாமும் கேட்காமல் விட்டோம். அந்தத் தவறில் நமக்கும் பங்குண்டு. இப்போது சாதாரணத் துணியில் காய்கறிப் பை தைத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். மூவரும் சேர்ந்து தொடங்கிய தொழிலில் தோமாஷ் பெயர்தான் நிலைத்தது. அன்னாவை யாருக்குத் தெரியும்? 1989-ல் தமிழ்நாட்டு மகளிர் குழுத் திட்டம் தொடங்கியதே நம் தருமபுரியில்தான். இத்தனை வருடம் கழித்தும் கடன் நம் பேரில், தொழில் வேறொருவர் பேரில் என்று இருக்கலாமா?

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் பொருளை வாங்குபவர் யார்? அவரால் எவ்வளவு கொடுக்க முடியும்?
2. தவணை தவறினால், தொழிலை விடுவதற்கு முன் எதை மாற்றலாம்?
3. தொழிலின் ரசீது, கணக்கு, லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத மறக்காதீர்கள்.