தேனீப் பெட்டியும் மழைக்காலமும்

தென்னேரிப் பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்த சிலர், ஈக்கள் ஓடிவிட்டனவென்று முறையிடுகின்றனர். பெரும்பாலும் ஓட்டியவர்கள் நாமே! கோடையில் அடியறைத் தேனையும் பிழிந்துவிட்டால், பூவற்ற அடைமழையில் அவை எதை உண்ணும்? மேலறைத் தேன் நமக்கு. அடியறைத் தேன் ஈக்களின் களஞ்சியம். ஐப்பசி, கார்த்திகையில் சர்க்கரையைச் சம அளவு நீரிற் காய்ச்சி, ஆறிய பாகை மாலையில் பெட்டிக்குள் வைத்தல் வேண்டும். பெட்டிக் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பழைய வெற்றடைகளை அகற்றாவிடில் மெழுகுப்பூச்சி குடியேறும்.

1990களின் தொடக்கத்தில் பரவிய தாய் சாக் புரூட் என்னும் நச்சுயிரி நோய் மார்த்தாண்டத்துக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. புழு பைபோல் வீங்கி மடியும், மருந்தில்லை. ஆதலால் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வெளியூர்க் கூட்டம் வாங்குமுன் புழு அடையைத் திறந்து பார்த்தே பணம் கொடுக்கவும்.