ரவுட்டரின் இரண்டு மறைச்சொற்கள்

வீட்டில் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று கேட்டால், மடிக்கணினிகளையும் கைத்தொலைபேசிகளையும் எண்ணிச் சொல்வோம். தொலைக்காட்சிக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் ரவுட்டரை எண்ணுவதில்லை. தமிழில் அதற்குத் திசைவி என்று நல்ல பெயர் இருக்கிறது. சிம் லிம் ஸ்குவேரில் அப்படிக் கேட்டுப் பயனில்லை என்பது வேறு விஷயம். அதுவும் நினைவகமும் இயங்குதளமும் கொண்ட கணினிதான். வீட்டு இணையத்தில் செல்லும் தகவல் யாவும் அதைக் கடந்தே வெளியேறுகின்றன.

இந்தப் பெட்டிக்கு மறைச்சொற்கள் இரண்டு. ஒன்று வைஃபையில் இணைவதற்கு. விருந்தாளிகள் செருப்பைக் கழற்றியதும் கேட்பது இதைத்தான். மற்றொன்று நிர்வாகப் பக்கத்துக்கு உரியது. உலாவியில் 192.168.1.1 போன்ற ஓர் எண்ணைத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். சரியான எண் பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். முதலாவதை மாற்றிவிட்டு, இரண்டாவதை மறந்துவிடுவோர் பலர். ஆனால் பெரிய ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது.

நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்தவர், இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைத் தம் விருப்பப்படி திருப்பிவிடலாம். பிறகு நாம் வங்கியின் முகவரியைப் பிழையின்றித் தட்டினாலும் போய்ச் சேரும் இடம் வேறாக இருக்கும். உலாவி காட்டும் எச்சரிக்கைதான் அப்போது கடைசித் தடுப்பு. அதையும் அவசரத்தில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களே!

2016ஆம் ஆண்டில் பரவிய மிராய் என்னும் தீநிரல் சிக்கலான வித்தை எதையும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், மறைச்சொல் இணைகள் சுமார் 60ஐக் கையில் வைத்துக்கொண்டு, இணையத்தில் உள்ள கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. சிக்கிய கருவிகளைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி டின் என்ற டிஎன்எஸ் நிறுவனம் தாக்கப்பட்டது; டுவிட்டர் முதலான தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை.

சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் 13 முதல், விற்பனைக்கு வரும் வீட்டு ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைச்சொல் இருக்கவேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் அதற்கு முன்பு வாங்கியவையும் வெளியூரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவையும் இந்த விதிக்குள் வருவதில்லை. வாடகை வீடுகளில் மாணவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்டவையே.

நிர்வாகப் பக்கத்தில் கவனிக்கவேண்டிய இன்னொன்று டபிள்யூபிஎஸ். எட்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து வைஃபையில் இணையும் வசதி அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் எட்டாவது இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதி ஏழையும் ரவுட்டர் நான்காகவும் மூன்றாகவும் பிரித்துத் தனித்தனியே சோதிக்கிறது. எனவே 10,000, 1,000 ஆக மொத்தம் 11,000 முயற்சிகள் போதும். 2011 டிசம்பரில் இது வெளிச்சத்துக்கு வந்தது. இந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதிக்கும் இதே தீர்ப்புதான். மறையாக்கத்தில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கருவிகள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறை போதும். டபிள்யூஇபி 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. வைஃபையின் பெயரை மறைத்துவைப்பதைச் சிலர் பெரிய பாதுகாப்பாகப் பேசுவார்கள். இலவச மென்பொருள் ஒன்றே அதைக் கண்டுபிடித்துவிடும். மலிவு விலைக் கேமராக்களையும் விளக்குகளையும் விருந்தினர் இணைப்பில் போடுவது அதைவிட மேல்.

மூத்த மாணவர் விட்டுச்சென்ற ரவுட்டர் உங்களிடம் இருந்தால், முதலில் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாதிரிக்கு இன்னும் மென்பொருள் புதுப்பிப்பு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எத்தனை மறைச்சொல் மாற்றினாலும் பழைய ஓட்டைகள் அப்படியே இருக்கும். வேறு வாங்கிவிடுவதே நல்லது. வருகிறது என்றால், பின்புறத்துச் சிறு துளையில் ஊசியால் சுமார் பத்து வினாடி அழுத்தி முந்தைய அமைப்புகளை அழியுங்கள். வீட்டில் மற்றவர்கள் இணையத்தில் தேர்வு எழுதாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.