கொக்கோஸ் தீவுகள்: ஓர் உள்ளூராட்சிப் பிரதேசத்தின் வரலாறும் மக்களும்

உலகப் படத்தை விரித்துக் கொழும்பில் விரலை வையுங்கள். அங்கிருந்து தென்கிழக்காக இந்து சமுத்திரத்தின் குறுக்கே விரலை நகர்த்துங்கள். மூவாயிரம் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில், பேனா முனையால் வைத்த புள்ளிபோலச் சில தீவுகள் தென்படும். அவை கொக்கோஸ் (கீலிங்) தீவுகள். அவுஸ்திரேலியாவின் பெர்த் நகரும் அங்கிருந்து ஏறத்தாழ அதே தூரத்தில்தான் உள்ளது. ஆயினும் இத்தீவுகள் அவுஸ்திரேலியாவுக்கு உரியவை. அந்நாட்டின் மிகச் சிறிய உள்ளூராட்சிப் பிரதேசங்களுள் ஒன்று. அங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலாய் மொழி பேசும் முஸ்லிம்கள்.

ஒரு பிரதேசத்தின் சனத்தொகையைப் படிக்கும்போது எத்தனை பேர் என்பதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர்கள் எப்படி அங்கு வந்தார்கள், அவர்களது வாழ்வைத் தீர்மானித்தவர் யார் என்பவையும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. கொக்கோஸ் தீவுகளின் வரலாறு அந்தக் கேள்விகளுக்கு நல்லதொரு பாடம்.

அமைவிடம்

இப்பிரதேசத்தில் 27 சிறு முருகைக்கல் தீவுகள் உள்ளன. அனைத்தையும் சேர்த்தால் நிலப்பரப்பு சுமார் 14 சதுர கிலோமீற்றர் மட்டுமே. தெற்கே உள்ள தீவுகள் ஒரு கடல்நீரேரியைச் சுற்றி வளையம்போல் அமைந்துள்ளன. வடக்கே தனித்து நிற்கும் வட கீலிங் தீவு மனிதர் வாழாத பறவைகளின் சரணாலயம். ஹோம் தீவு, மேற்குத் தீவு ஆகிய இரண்டில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீற்றர்கூட உயரமில்லை. ஆறுகளோ ஓடைகளோ இல்லை. பெய்யும் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்கி நிற்கிறது.

1836 ஏப்ரல் மாதத்தில் சார்ள்ஸ் டார்வின் 'பீகிள்' கப்பலில் இங்கு வந்தார். மெல்ல மெல்ல அமிழும் எரிமலையைச் சுற்றி முருகைகள் மேல்நோக்கி வளர்வதாலேயே இத்தகைய வளையத் தீவுகள் உருவாகின்றன என்ற தமது கருத்துக்கு அவர் இங்கு சான்று தேடினார்.

கொண்டுவரப்பட்ட மக்கள்

1609இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற் தலைவர் வில்லியம் கீலிங் இத்தீவுகளைக் கண்டார். அதன் பின்னரும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கு எவரும் குடியிருக்கவில்லை.

1826இல் அலெக்சாண்டர் ஹெயர் என்ற ஆங்கிலேய வர்த்தகர் மலாய் தீவுக்கூட்டத்தின் பல பகுதிகளைச் சேர்ந்த ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் இங்கு கொண்டுவந்தார். அவர்களுள் பலர் அடிமைகள். அடுத்த ஆண்டு ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மாலுமி ஜோன் குளூனிஸ் ரோஸ் தம் குடும்பத்துடன் வந்து குடியேறினார். இருவருக்கும் இடையே பகை மூண்டது. 1831 அளவில் ஹெயர் தீவை விட்டு வெளியேறினார். அவர் கொண்டுவந்த மக்களோ அங்கேயே தங்கி, குளூனிஸ் ரோஸ் குடும்பத்தின் தென்னந்தோட்டத் தொழிலாளர் ஆயினர். எசமான் மாறினார், அவர்களது நிலை பெரிதாக மாறவில்லை.

இலங்கையில் வாழும் மலாயரும் இதே தீவுக்கூட்டத்தில் வேர்கொண்டவர்கள். ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் அவர்களின் முன்னோர் நம் நாட்டுக்கு வந்தனர். ஆகவே கொக்கோஸ் மலாயரின் கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

தோட்டத்தின் ஆட்சி

பிரித்தானியா 1857இல் இத்தீவுகளைத் தனது பேரரசுடன் இணைத்துக்கொண்டது. 1886இல் விக்டோரியா மகாராணி தீவுகளின் நிலத்தைக் குளூனிஸ் ரோஸ் குடும்பத்துக்கு நிரந்தரமாக வழங்கினார். அன்று தொடங்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் அக்குடும்பத்தினர் அங்கு அரசரைப் போல ஆண்டனர்.

தேங்காயும் கொப்பராவுமே பொருளாதாரம். கூலி 'கொக்கோஸ் ரூபாய்' என்ற நாணயத்தில் வழங்கப்பட்டது. குடும்பமே வெளியிட்ட இந்த நாணயம் அவர்களது கடையில் மட்டுமே செல்லுபடியாகும். வெளியுலகில் அதற்கு ஒரு சதப் பெறுமதியும் இல்லை. தீவை விட்டு வெளியேறியவர் திரும்பி வர அனுமதிக்கப்படவில்லை. வீடும் தொழிலும் உணவும் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் கையிலுள்ள பணம் கடல் தாண்டாது, போனவர் திரும்ப முடியாது என்றால் அதனைச் சுதந்திர வாழ்வு என்று எவ்வாறு சொல்வது?

இந்த நிலையிலும் அம்மக்கள் இரண்டு செல்வங்களை இழக்கவில்லை. ஒன்று மார்க்கம், மற்றையது மொழி. பல இடங்களிலிருந்து வந்தவர்களின் பேச்சுகள் ஒன்றுகலந்து கொக்கோஸ் மலாய் என்ற தனி வழக்கு உருவாயிற்று. பெயரிடும் வழக்கமும் அழகானது. முதற் பிள்ளை பிறந்ததும் பெற்றோர் அப்பிள்ளையின் பெயராலேயே அழைக்கப்படுவர். தந்தை பெயருக்கு முன் 'பாக்' என்றும், தாய்க்கு 'மாக்' என்றும், பேரப்பிள்ளை கண்டபின் 'நெக்' என்றும் அடைமொழி சேரும்.

இலங்கையுடன் ஒரு தொடர்பு

1878 முதல் 1886 வரை இத்தீவுகள் இலங்கை ஆளுநரின் பொறுப்பில் இருந்தன. பின்னர் அப்பொறுப்பு மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநருக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியதும் நிர்வாகம் மீண்டும் 1942 முதல் 1946 வரை கொழும்பின் கைக்கு வந்தது.

முதலாம் உலகப் போரிலும் இத்தீவுகள் பேசப்பட்டன. 1901இல் இங்கு கடலடித் தந்தி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. 1914 செப்டெம்பரில் சென்னை மீது குண்டு வீசிய ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன், நவம்பர் 9ஆம் திகதி அந்நிலையத்தை அழிக்க வந்தது. அவுஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் அதனைத் தாக்க, எம்டன் வட கீலிங் தீவில் தரைதட்டியது. கெட்டிக்காரரையும் தந்திரசாலியையும் 'எம்டன்' என்று நம்மவர் சொல்லும் வழக்கு அக்கப்பலின் பெயரால் வந்ததே.

1942 மே மாதம் 8ஆம் திகதி இரவு, அங்கு காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினருள் சிலர் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கலகம் செய்தனர். கலகம் அடக்கப்பட்டது. தலைமை தாங்கிய கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் ஆகஸ்ட் மாதத்தில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

சனத்தொகை மாறிய கதை

போர் முடிந்தபோது தீவுகளில் சுமார் 1,800 பேர் இருந்தனர். அச்சிறு நிலத்தால் இத்தனை பேரைத் தாங்க முடியவில்லை. தோட்டத்துக்கும் அவ்வளவு தொழிலாளர் தேவைப்படவில்லை. 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் பெரும்பாலானோர் வட போர்னியோவுக்கும் கிறிஸ்மஸ் தீவுக்கும் இடம்பெயர்ந்தனர். இன்று மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள தவாவ், லஹாட் டத்து ஆகிய ஊர்களில் கொக்கோஸ் வம்சாவளியினர் வாழ்வது இதனாலேயே. தீவில் எஞ்சியோர் சில நூறு பேர். எனவே இங்கு சனத்தொகை குறைந்தமைக்குக் காரணம் நோயோ பஞ்சமோ அன்று. ஒரே குடும்பத்து உறவுகள் கடலால் பிரிக்கப்பட்டமையே காரணம்.

1955 நவம்பர் 23இல் பிரித்தானியா தீவுகளை அவுஸ்திரேலியாவிடம் ஒப்படைத்தது. இதிலும் மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. 1970களில் ஐக்கிய நாடுகள் சபை அவர்களது நிலைமையைக் கவனத்திற் கொண்டது. 1978இல் அவுஸ்திரேலிய அரசு 62 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்து, குடும்ப மாளிகை தவிர்ந்த ஏனைய நிலத்தை வாங்கியது. அடுத்த ஆண்டில் தீவு மக்களின் சபையொன்று உருவானது.

கேட்கப்பட்ட நாள்

1984 ஏப்ரல் 6ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் சபைக் குழுவின் கண்காணிப்பில் வாக்கெடுப்பு நடைபெற்றது. மூன்று தெரிவுகள் முன்வைக்கப்பட்டன: சுதந்திர நாடாதல், அவுஸ்திரேலியாவுடன் சுயாதீனமாகத் தொடர்புபட்டிருத்தல், அவுஸ்திரேலியாவுடன் முழுமையாக ஒருங்கிணைதல். மொத்தம் 261 பேர் வாக்களித்தனர். 229 பேர் ஒருங்கிணைதலையும், 21 பேர் சுயாதீனத் தொடர்பையும், 9 பேர் சுதந்திரத்தையும் தெரிவுசெய்தனர். மார்க்கத்துக்கும் மரபுக்கும் மதிப்பளிக்கப்படும் என்று அரசு உறுதியளித்திருந்தது.

முதல் தலைமுறை வந்திறங்கி 158 ஆண்டுகள் கழிந்த பின்னரே, "உங்கள் விருப்பம் என்ன?" என்ற கேள்வி அம்மக்களிடம் முறைப்படி கேட்கப்பட்டது. ஏப்ரல் 6 இன்றும் அங்கு விடுமுறை நாள்.

இன்றைய சபையும் மக்களும்

1992 ஜூலை 1ஆம் திகதி இத்தீவுகள் மேற்கு அவுஸ்திரேலிய மாநிலச் சட்டங்கள் நடைமுறையிலுள்ள உள்ளூராட்சிப் பிரதேசமாயின. ஏழு உறுப்பினர் கொண்ட சபை வீதி, கழிவகற்றல், வீடமைப்பு போன்றவற்றைக் கவனிக்கிறது. முன்பு தோட்டக் குடும்பத்துக்கு உரியதாயிருந்த நிலத்தின் பெரும்பகுதியை இன்று அச்சபையே மக்களின் நன்மைக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது.

ஆனால் ஒரு குறை உண்டு. மேற்கு அவுஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் சட்டங்கள் அவர்களை ஆள்கின்றன. அந்த நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. தேசிய நாடாளுமன்றத் தேர்தலில் தொலைவிலுள்ள வட பிராந்தியத்தின் லிங்கியாரி தொகுதியில் அவர்கள் சேர்க்கப்பட்டுள்ளனர்.

2016 குடிசன மதிப்பீட்டில் 544 பேரும், 2021இல் 593 பேரும் பதிவாயினர். 2021இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் முஸ்லிம்கள். மலாய் மக்கள் பெரும்பாலும் ஹோம் தீவிலுள்ள கம்பொங் எனப்படும் கிராமத்தில் வாழ்கின்றனர். பள்ளிவாசலும் சபை அலுவலகமும் அங்கேயே உள்ளன. பெரும்பாலும் பெருநிலத்திலிருந்து கடமைக்கு வந்த அரச ஊழியரும் அவர்தம் குடும்பங்களும் மேற்குத் தீவில் வசிக்கின்றனர். விமான ஓடுதளம் அங்கு உள்ளது. நோன்புப் பெருநாள் தீவுகளின் பெருவிழா. 'ஜுக்கோங்' எனப்படும் பாய்மர வள்ளங்கள் அன்றைய பெருமிதம்.

ஹோம் தீவுப் பிள்ளைகள் ஆரம்ப வகுப்புகளைத் தம் ஊரிலேயே படிக்கின்றனர். அதன்பின் மேல் வகுப்புக்காக நாளாந்தம் படகேறிக் கடல்நீரேரியைக் கடந்து மேற்குத் தீவுக்குச் செல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்தால் பெருநிலத்துக்கே போக வேண்டும். பதினாறு வயதில் ஒரு மகளை ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் அனுப்பலாமா என்பது அங்குள்ள பெற்றோருக்கு உண்மையான கேள்வி. போகும் பிள்ளைகளில் எல்லோரும் திரும்புவதில்லை. கொப்பராத் தொழில் 1987இல் நின்றுபோனது. தீவில் வேலைவாய்ப்பு குறைவு.

இன்னொரு கவலை கடலைப் பற்றியது. கடல்மட்டம் உயர்ந்தால் கரை அரிக்கும்; நன்னீர்ப் படையும் உவர்க்கும். நீண்ட காலப்போக்கில் ஹோம் தீவு மக்கள் இடம்பெயர நேரலாம் என்ற பேச்சு அரச திட்ட வரைவுகளில் எழுந்தபோது, ஊர் மக்கள் கலங்கினர். அவர்களின் முன்னோரைக் கேளாமலேயே கப்பலேற்றினர். பாட்டன்மாரின் உறவுகள் போர்னியோவுக்குப் பிரிந்து போயின. இப்போது மையவாடியையும் பள்ளிவாசலையும் விட்டு மீண்டும் ஒரு பயணமா என்பதே அவர்களது வேதனை.

ஐந்நூற்றுச் சொச்சம் பேர் என்பது நமது பாடசாலைகள் பலவற்றின் மாணவியர் தொகையிலும் குறைவு. தொகை சிறிது என்பதற்காக அவர்களது சம்மதம் சிறிதாகிவிடாது. 1984இல் ஒருமுறை அவர்களைக் கேட்டார்கள். அவர்கள் தெளிவாகப் பதில் சொன்னார்கள். கடலின் காரணமாக முடிவெடுக்க வேண்டிய நாள் வந்தாலும், முதலில் அவர்களைக் கேட்பதே நீதியாகும்.