தூண்டலும் தூண்டிவிடலும்

ஒருவனைத் தீவினைக்கட் செலுத்துதலைக் குறிக்கும் வினைச்சொற்கள் தமிழிற் பல. ஏவுதல், உந்துதல், மூட்டுதல், தூண்டுதல் என்பன அவற்றுட் சில. இவற்றுள் தூண்டுதல் என்பதனையே ஈண்டு ஆராயப் புகுந்தாம். உயிர்களைத் தூண்டுவோன் இறைவனே என்று நம்மவர் பிரசங்கங்களில் வழங்குகின்றனர். அற்றேல், உயிர் செய்யும் பாவமும் அவன் தூண்டியதன்றோ எனப் பிறர் வினவுமிடத்து விடைகூறப் பலர் இடர்ப்படுகின்றனர். ஆதலின் இச்சொல்லின் பொருளைத் தெளிதல் இன்றியமையாததாயிற்று.

ஏவுதலாவது, சொல்லானாதல் குறிப்பானாதல் ஒன்றனைச் செய்கவெனப் பணித்தல். ஏவப்பட்டானுக்கு அதன்கண் விருப்பமுண்மை வேண்டப்படுவதில்லை. கோயில் கட்டிய அரசனை ஏவுதற் கருத்தா எனவும், தச்சனை இயற்றுதற் கருத்தா எனவும் இலக்கணநூலார் பகுப்பர். ஆண்டுத் தச்சனது விருப்பு வெறுப்பு ஆராயப்படாது. தூண்டுதலோ விளக்கின் திரியை முன்தள்ளுதற்கு வழங்குஞ் சொல். கோல்கொண்டு திரியைத் தூண்டுவோன் அத்தொழிலால் நெய்யைத் தந்தானுமல்லன், சுடரைப் படைத்தானுமல்லன். முன்னரே உளதாய் மழுங்கிக் கிடந்ததனை விளங்கச் செய்தான் என்னுந் துணையே. ஆகவே, ஒருவனைக் களவிற்குத் தூண்டினான் என்றவழிக் களவு செய்தானது அவாவும் உடன் உணர்த்தப்படும். தூண்டப்பட்டேன் என்று கூறித் தன் குற்றத்தினின்று நீங்கக் கருதுவானுக்கு இச்சொற்றானே எதிர்சான்றாம்.

இனி, உலகவழக்கிற் பெரிதும் பயில்வது தூண்டிவிடுதல் என்பது. விடு என்பது துணிவுப்பொருண்மை விகுதியாம் என்ப. அதனை யாம் மறுத்திலேம். ஆயினும் கலகம் மூட்டிவிட்டான், தூண்டிவிட்டான் என்னும் வழக்குக்களை உற்றுநோக்கின், பிறனை முன்செலுத்தித் தான் விலகிநிற்றலாகிய கரவும் அவற்றின்கட் டோன்றக் காண்கின்றோம். பயன் வேண்டும், பழி வேண்டா என்பதே தூண்டிவிடுவானது உள்ளக்கிடை.

இவ்விரண்டனுள் இறைவன்மேல் வைத்துக் கூறத்தகுவது யாது? ஆணவ இருளின் மறைந்த உயிர்க்கு, மாயையின் காரியமாகிய தனுகரணங்களை விளக்கென்று கூறுதல் சித்தாந்த வழக்கு. அவ்விளக்கைத் தூண்டுவோன் இறைவன் எனின் இழுக்கின்று. அவ்வொளியில் ஒருவன் இண்டை தொடுப்பான்; மற்றொருவன் அயலான் பெட்டியைத் திறப்பான். இவ்வேறுபாடு அவரவர் மலமும் வினையும் பற்றியது. மலத்தைத் தொழிற்படுத்திப் பக்குவப்படுத்தலின் திரோதான சத்தியும் மலமென உபசரித்துக் கூறப்படுமேயன்றி, உண்மையான் அஃது அருளேயாம். தூண்டியபின் இறைவன் விலகுவானுமல்லன். உயிரோடு உடனாய் நின்று வினைப்பயனை ஊட்டுவான். ஆதலால் தூண்டிவிட்டான் என்னுஞ் சொல் அவன்மேற் செல்லாது.

யாம் இளமையில் ஒரு மடத்துப் பிரசங்கத்தில், இறைவன் ஆன்மாக்களைத் தூண்டிவிடுகின்றான் என்று கூறினேம். அவையிலிருந்த முதிய தம்பிரான் ஒருவர் எழுந்து, “தம்பி, விட்டபின் பார்த்துக்கொள்வார் யாவர்?” என வினவி அமர்ந்தார். அன்று யாம் விடை கூறிற்றிலேம்.