விடைத்தாளைத் திருத்துபவர் யார்?

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பணியாற்றிய நாட்களில், பயிற்சி மாணவியர் திருத்திய கணக்கேடுகளை மீண்டும் ஒருமுறை பார்ப்பது எம் வழக்கம். ஒரு முறை ஓர் ஏட்டில், 16/64 என்னும் பின்னத்தைச் சுருக்குக என்ற கணக்குக்கு 1/4 என்று விடை எழுதப்பட்டு, முழு மதிப்பெண்ணும் இடப்பட்டிருந்தது. விடை சரியே. ஆனால் அச்சிறுவன் செய்தது என்ன? மேலேயுள்ள 6ஐயும் கீழேயுள்ள 6ஐயும் அடித்துவிட்டு, எஞ்சிய 1ஐயும் 4ஐயும் எழுதியிருந்தான்! இதே வழியில் 19/95 என்பதற்கும் 1/5 என்று சரியான விடையே வரும். 13/34 கொடுத்தால்தான் அகப்பட்டுக்கொள்வான். பயிற்சி மாணவியார் விடையை நோக்கினார், வழியை நோக்கவில்லை.

பல்லாண்டுகளுக்குப் பின் அந்த ஏடு நம் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. மனிதர் அறிவை இயந்திரம் விஞ்சிவிடுமா என்னும் வினா இன்று நம் இல்லங்களிலும் பேரப்பிள்ளைகள் வாயிலாக நுழைந்துவிட்டது. அவ்வினாவின் கிளைகள் பல. ஓர் ஆசிரியைக்கு உரிய கிளையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். மாணவன் ஆசிரியரை விஞ்சிய பிறகு அவன் விடைத்தாளைத் திருத்துபவர் யார்?

இவ்வெண்ணம் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆலன் டூரிங்குடன் பணியாற்றிய ஐ. ஜே. குட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1965ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லா அறிவுச் செயல்களிலும் மனிதரை விஞ்சும் இயந்திரம் ஒன்று உருவானால், இயந்திரம் படைக்கும் தொழிலிலும் அது நம்மை விஞ்சும். ஆகவே தன்னினும் சிறந்த ஒன்றை அதுவே படைக்கும். மனிதர் செய்யவேண்டிய கடைசிக் கண்டுபிடிப்பு அதுவாகவே இருக்கும் என்பது அவர் வாதம். அவ்வியந்திரம் நமக்குக் கட்டுப்பட்டு நடக்குமாயின் என்றொரு நிபந்தனையையும் அவர் சேர்த்திருந்தார். பலர் வாதத்தை நினைவிற்கொண்டு நிபந்தனையை மறந்தனர்.

விஞ்சுதல் எப்படி நிகழ்கிறது என்பதைக் காண, சீனத்தில் தோன்றிக் கொரியாவிலும் ஜப்பானிலும் வளர்ந்த 'கோ' என்னும் ஆட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 19 கோடுகள் குறுக்காகவும் 19 கோடுகள் நெடுக்காகவும் வரைந்த பலகையில் 361 சந்திப்புகள் உள்ளன. ஒருவர் கருங்கல்லும் மற்றவர் வெண்கல்லும் வைத்து இடத்தை வளைக்க வேண்டும். 1997ஆம் ஆண்டில் சதுரங்கத்தில் காஸ்பரோவ் இயந்திரத்திடம் தோற்றபின்னும், இவ்வாட்டம் மனிதர் கையிலேயே நெடுங்காலம் இருக்கும் எனப் பலரும் நம்பினர். 2016 மார்ச்சுத் திங்களில் சியோல் நகரில், கொரியப் பெருவீரர் லீ செடோல், ஆல்ஃபாகோ என்னும் கணினி நிரலிடம் ஐந்து ஆட்டங்களுள் நான்கில் தோற்றார்.

இரண்டாம் ஆட்டத்தின் 37ஆவது நகர்வே நம் பாடத்துக்கு உரியது. இயந்திரம் அக்கல்லை வைத்தபோது, விளக்கவுரை கூறிக்கொண்டிருந்த வல்லுநர்கள் பிழையோ என ஐயுற்றனர். மனிதர் ஒருவர் அங்குக் கல் வைக்கும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்று என்று அந்நிரலே கணித்திருந்ததாம். ஆட்டம் வளர வளர, அக்கல்லே வெற்றிக்கு வித்திட்டது புலனாயிற்று. அந்தக் கணத்தில் மதிப்பெண் இடச் சொல்லியிருந்தால், ஆசிரியர்கள் அம்மாணவனுக்குச் சுழியமே இட்டிருப்பர். நான்காம் ஆட்டத்தில் லீ செடோல் வைத்த 78ஆவது கல்லால் இயந்திரம் நிலைகுலைந்து தோற்றது என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் மறு ஆண்டிலேயே, மனிதர் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூடக் கற்காமல், தனக்குத் தானே மூன்று நாள் ஆடிப் பழகிய புதிய நிரல், லீயை வென்ற பழைய நிரலை நூற்றுக்கு நூறு ஆட்டங்களில் வென்றது. லீ செடோல் 2019இல் தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். வெல்லமுடியாத ஒன்று இருக்கையில் முதலிடம் பெற்றும் பயனில்லை என்பது அவர் கூறிய காரணம். அதைப் படித்தபோது நமக்கு மனம் கனத்தது.

கதை இதனோடு முடிந்திருந்தால், நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவனைப் பற்றி நாம் கவலைகொள்ள வேண்டியதில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டில், வல்லுநர் நிலையை எட்டாத ஓர் அமெரிக்க ஆட்டக்காரர், அதே தரத்தைச் சேர்ந்த காட்டாகோ என்னும் நிரலைப் பதினைந்து ஆட்டங்களுள் பதினான்கில் வென்றார்! அதன் கற்களைச் சுற்றிப் பெரியதொரு வளையமாக மெல்ல வளைத்து, வேறு மூலைகளில் அதன் கவனத்தைத் திருப்பினார். அந்த உபாயத்தைக் கண்டுபிடித்துத் தந்ததும் மற்றொரு கணினி நிரலே. மனிதர் எவரும் எளிதில் கண்டுகொள்ளும் வளையம் அதன் கண்ணில் படவில்லை. உலக வாகையரை வெல்லும் அறிவுக்குள்ளும் ஆறை அடிக்கும் சிறுவன் ஒளிந்திருந்தான். அவனை வெளிக்கொணர 13/34 போன்றதொரு கணக்கு வேண்டியிருந்தது.

கோ ஆட்டத்தில் இறுதியில் இடத்தை எண்ணி வெற்றியை அறியலாம். 2025ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடின் ஆறு வினாக்களில் ஐந்துக்கு இயந்திரங்கள் சரியான நிறுவல்கள் எழுதி, 42க்கு 35 மதிப்பெண்ணும் தங்கப் பதக்கத் தகுதியும் எய்தின. அங்கும் படித்துப் பார்த்துத் திருத்த வல்ல மனிதர் இருந்தனர். ஒரு மருந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் என்ன செய்யும், ஒரு சட்டம் ஏழையை எங்கே கொண்டு நிறுத்தும் என்னும் வினாக்களுக்கு அத்தகைய எண்ணிக்கைப் பலகை ஏது? அறிவு மிகுந்தால் நன்னோக்கமும் தானே வந்துவிடும் என்பாரும் உளர். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என மூன்றையும் தனித்தனியே எண்ணிக் கற்ற நம் பிள்ளைகள் அதனை எளிதில் ஏற்கமாட்டார்கள்.

ஆய்வாளர்கள் வாளாவிருக்கவில்லை. விடையோடு வழிமுறையையும் எழுதிக்காட்டச் சொல்கின்றனர். எழுதிக்காட்டும் படிகள், அது உண்மையில் விடையை அடைந்த வழியாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை என 2023ஆம் ஆண்டிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. (விடையை வேறிடத்தில் பார்த்தெழுதிவிட்டுப் படிகளைப் பின்னர் நிரப்பும் மாணவரை அறியாத ஆசிரியர் உண்டோ?) இரண்டு இயந்திரங்களை எதிரெதிரே வாதிடச் செய்து மனிதரை நடுவராக அமர்த்தலாம் என்பது 2018இல் முன்மொழியப்பட்ட வழி. இயந்திரத்தின் உள்ளே ஓடும் எண்களையே ஆராய்வது மற்றொன்று. நமக்கு இதுவே நம்பிக்கை தருகிறது. இயந்திரத்தை இயந்திரமே திருத்தட்டும் என்றால், திருத்தியதைத் திருத்துவது யார்? பயிற்சி மாணவியாரின் திருத்தத்தை நாம் பார்த்தோம். நம்முடையதைத் தலைமையாசிரியர் பார்த்தார். எங்கள் அனைவருக்கும் பின்னம் தெரிந்திருந்தது.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு 26/65, 49/98 ஆகியவற்றைச் சுருக்கக் கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் பொது இலக்கத்தை அடித்தாலும் சரியான மதிப்பே வரும். மூன்றாவதாக 23/38 கொடுங்கள். அது சுருங்காத பின்னம்.