லோடு மெதுவா ஏறணும்: நாற்பதைத் தாண்டியவர்களின் மலை சைக்கிளுக்கு ஒரு பாடம்



போன வருஷம் ஏற்காட்டுல, ஒரு காபி எஸ்டேட் ஓரமா இறங்குற மண் பாதையில, எங்க அப்பா சைக்கிள்ல இருந்து முன்பக்கமாப் போய் விழுந்தார். வயசு 49. வேகமும் அதிகமில்லை, எதிர்ல வண்டியும் இல்லை. வழியில ஒரு கல்லைப் பார்த்துப் பயந்து பிரேக்கைப் பிடிச்சார், அவ்வளவுதான். இடது காலர் எலும்பு உடைஞ்சுது.

"ஏங்க, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று அம்மா கேட்டாங்க. யாரும் பதில் சொல்லலை. மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு வந்த கேள்வி வேற: இவ்வளவு மெதுவாப் போனவர் ஏன் கவிழ்ந்தார்? அதைத் தேடினதுல கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டுலயும் நாற்பதுக்கு மேல மலை சைக்கிள் வாங்கின அப்பாவோ சித்தப்பாவோ இருந்தா, அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

1. பிரேக் ஏன் கவிழ்க்குது?

1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுண்டி என்ற இடத்தில், சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களில் மலைச்சரிவில் போட்டி போட்டு இறங்கினார்கள். சுமார் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற ஹப் பிரேக்தான் அப்போது இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் எரிந்து போய்விடும். மறுபடி அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அன்னைக்குப் பிரேக் பத்தலை. இன்னைக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் ஒரு விரலுக்கே பிடிக்குது.

அப்பா முப்பது வருஷமா ஓட்டினது கம்பி பிரேக் வச்ச சைக்கிள். கை முழுக்கப் பலமா அமுக்கினாத்தான் நிக்கும். புது சைக்கிள் வாங்கியும் கை பழைய பழக்கத்தை மறக்கலை.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. சைக்கிளும் ஆளும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்திலும், முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு 60 செ.மீ. பின்னாலும் இருக்குன்னு வச்சுக்கோங்க. பிரேக் விசை நம்மைக் கவிழ்க்கப் பார்க்கும். எடை கீழே பிடிச்சு வைக்கும். 60-ஐ 110-ஆல் வகுத்தா 0.55. சமதரையில் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.55 பங்குக்கு மேல் வேகத்தைக் குறைச்சா பின் சக்கரம் எழும்பும். 10 டிகிரி இறக்கத்தில் அந்த எல்லை வெறும் 0.36.

இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்கையையும் முட்டியையும் மடக்கி, ஈர்ப்பு மையத்தை 10 செ.மீ. பின்னாடியும் 10 செ.மீ. கீழேயும் கொண்டு போனா? அதே இறக்கத்தில் எல்லை 0.52 ஆகுது. ஒரு ரூபா செலவில்லாம நாற்பது சதவீதத்துக்கும் மேல லாபம்!

2. கிளம்புறதுக்கு முன்னாடி

முப்பது வயசுக்கு மேல ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் தசை 3 முதல் 8 சதவீதம் வரை குறையும்னு மருத்துவப் புத்தகங்கள் சொல்லுது. விழுற நேரத்துல உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற பலமும் வேகமும் குறையும். நம்ம பாஷையில சொன்னா, ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி குறைஞ்சிருச்சு. அதனால:

- லீவர்ல ஒரு விரல் மட்டும். வெடுக்குன்னு பிடிக்காம, படிப்படியா அழுத்தணும்.
- வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். வளைவுக்குள்ள போய் இல்லை.
- இறக்கத்துல சீட்டைத் தாழ்த்தி வைக்கணும்.
- தனியாப் போகக் கூடாது. போற பாதையை வீட்டுல சொல்லிட்டுப் போகணும்.

3. விழுந்துட்டா

உடனே எழுப்பி உட்கார வைக்காதீங்க. கழுத்து வலி, கை கால் மரத்துப் போறது இருந்தா அசைக்காம 108-ஐக் கூப்பிடுங்க. தலையில அடிபட்டிருந்தா, நல்லா இருக்கேன்னு அவர் சொன்னாலும் அன்னைக்கு சைக்கிள் வேண்டாம். வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம், கூடிக்கிட்டே போற தலைவலி வந்தா உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவர்னா அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. அடிபட்ட ஹெல்மெட்டை மாத்திடுங்க: உள்ளே இருக்கிற நுரை ஒரு தடவை நசுங்கி அடியை வாங்கத்தான் செஞ்சது.

4. ரெண்டாவது தப்பு

விழுந்தது முதல் தப்புன்னா, ரெண்டாவது தப்பு வீட்டுல நடந்தது. மூணு வாரத்துல ஸ்லிங்கைக் கழட்டிட்டு கையை மெல்ல ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொன்னார் டாக்டர். அப்பா பயந்து ஏழு வாரம் கழட்டவே இல்லை. நாங்களும் "ரெஸ்ட் எடுங்கப்பா"ன்னு தாங்கினோம். எக்ஸ்ரேயில எலும்பு சேர்ந்திருந்தது. ஆனா கை தோளுக்கு மேல போகலை. தலை வாரக்கூட முடியலை. ஒரு நாள் சட்டையை மாட்ட முடியாம அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், எங்களைக் கூப்பிடவும் இல்லை. அன்னைக்குத்தான் எனக்கு நிஜமாவே பயம் வந்தது.

எலும்பு காங்கிரீட் மாதிரி இல்லை. உடைஞ்ச இடத்துல முதல்ல ரத்தம் உறையும், பிறகு மென்மையான இணைப்புத் திசு, அதுக்கப்புறம் கடினமான எலும்பு. கடைசியா மாசக்கணக்குல தன்னைத்தானே செதுக்கிக்கும். எந்தத் திசையில் சுமை வருதோ அதுக்கேத்த மாதிரி எலும்பு தன் அமைப்பை மாத்திக்கும்னு 1892-இலேயே எழுதினார் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப். சுமையே இல்லைன்னா எலும்பும் மெலியும், தசையும் மெலியும், மூட்டும் இறுகும். நாற்பதுக்கு மேல, அதுவும் சர்க்கரை இருந்தா, தோள் இறுகுற வாய்ப்பு இன்னும் அதிகம். புகை பிடிச்சா எலும்பு சேர லேட்டாகும்.

நாலு மாசம் பிசியோதெரபி ஆச்சு. அப்புறம் ஒவ்வொரு படிக்கும் டாக்டர் அனுமதியோட போனோம்: முதல்ல வீட்டுல ஓடாத சைக்கிள், பிறகு சமதரைத் தார் ரோடு, பிறகு மண் பாதை. ஒரே ஒரு விதி: மறுநாள் காலையில வலி கூடியிருந்தா ஒரு படி கீழே இறங்கணும்.

ரெண்டு தப்பும் சுமை சம்பந்தப்பட்டதுதான். பிரேக்ல மொத்தத்தையும் ஒரே நொடியில போட்டார். தோளுக்கு ஒண்ணுமே போடலை. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணு: கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறது.

போன மாசம் அதே பாதைக்குப் போனோம். கல் இருந்த இடத்துல அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தார். கொஞ்ச தூரம் கழிச்சு மறுபடி ஏறினார், லீவர்ல ஒரே ஒரு விரல். அம்மா இப்பவும் அதே கேள்வியைத்தான் கேட்கறாங்க. ஆனா கிளம்பும்போது ஹெல்மெட்டை எடுத்துக் கொடுக்கறதும் அவங்கதான்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. இந்த வாரம் ஊருக்குப் போனா, வீட்டு சைக்கிள்ல எந்த லீவர் முன் பிரேக்னு அப்பாகிட்ட கேளுங்க. ஒவ்வொரு சைக்கிள்லயும் ஒவ்வொரு பக்கம் இருக்கும். அவர் யோசிச்சார்னா, பாடத்தை அங்கிருந்தே ஆரம்பிங்க.